கீமோவால் வரும் குமட்டலும் வாந்தியும்: எந்த மருந்து, எப்போது, எப்படி? முழுமையான வழிகாட்டி

அம்மாவுக்கு முதல் கீமோ முடிந்து வீட்டுக்கு வந்த அன்று ஒன்றுமே ஆகவில்லை. இரவு ஒழுங்காகச் சாப்பிட்டார், மறுநாள் எழுந்து நடமாடினார், எல்லோரிடமும் பேசினார். பயந்த அளவுக்கு இல்லையே என்று, கொடுத்து அனுப்பிய வாந்தி மாத்திரைகளை அப்படியே மேசை இழுப்பறையில் போட்டுவிட்டோம். வாந்தி வந்தால்தானே வாந்தி மாத்திரை என்பது எங்கள் கணக்கு. மூன்றாம் நாள் விடியற்காலையில் ஆரம்பித்தது. வயிற்றில் ஒன்றுமில்லை, வெறும் மஞ்சள் தண்ணீர், அப்புறம் அதுவும் இல்லாமல் வெறும் ஓங்கரிப்பு. அப்போது இழுப்பறையைத் திறந்து மாத்திரையைக் கொடுத்தால் அது உள்ளே தங்கவே இல்லை.

அந்த மாத்திரைகள் அந்த மூன்றாம் நாளுக்காகவே, வாந்தி வருவதற்கு முன்பே போட்டுக்கொள்ளக் கொடுத்தவை. இதை யாராவது முதல் நாளே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் அந்த இரவு வந்திருக்காது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். கீழே வரும் அளவுகள் எல்லாம் பெரியவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படுபவை. உங்களுக்கான அளவை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும், உங்கள் சீட்டில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. குழந்தைகளுக்கான கணக்கு முற்றிலும் வேறு.

முதலில், வாந்தி ஏன் இரண்டு தடவையாக வருகிறது

கீமோ மருந்து உடம்பில் ஏறியதும் சிறுகுடலின் உள்சுவரில் உள்ள சில செல்கள் செரோடோனின் என்ற பொருளைக் கொட்டுகின்றன. அது பக்கத்திலிருக்கும் வேகஸ் நரம்பைத் தூண்ட, செய்தி மூளைத்தண்டில் இருக்கும் வாந்தி மையத்துக்குப் போகிறது. முதல் 24 மணி நேரத்தில் வரும் வாந்திக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இதை உடனடி வாந்தி என்பார்கள். இதற்கான ஊசியை மருத்துவமனையிலேயே கீமோவுக்கு முன்னால் போட்டுவிடுவதால் பலருக்கு முதல் நாள் சுகமாகவே போகிறது.

அதன் பிறகு வருவது தாமத வாந்தி. 24 மணி நேரம் கழித்துத் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஐந்தாம் நாள் வாக்கில் அடங்கும். இங்கே முக்கிய வேலை செய்வது சப்ஸ்டன்ஸ் பி என்ற வேறொரு பொருள். அது மூளையில் என்கே1 என்ற ஏற்பியில், அதாவது பூட்டில் சாவி போல அது பொருந்தும் இடத்தில், போய் ஒட்டுகிறது. பொருள் வேறு, பாதை வேறு, அதனால் மருந்தும் வேறு. முதல் நாளுக்கான ஊசி மூன்றாம் நாளைக் காப்பாற்றும் என்று இருந்துவிடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து போட்டவர்களுக்கு இந்தத் தாமத வாந்தி மிகவும் வழக்கமானது.

மூன்றாவதாக ஒன்று உண்டு: கீமோ ஏறுவதற்கு முன்பே, மருத்துவமனை வாசனை பட்டாலே வரும் குமட்டல். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

படி 1: உங்கள் கீமோ எந்த ரகம் என்று கேளுங்கள்

எல்லா கீமோவும் ஒரே மாதிரி வாந்தி தருவதில்லை. வாந்தித் தடுப்பு இல்லாமல் கொடுத்தால் 100 பேரில் எத்தனை பேருக்கு வாந்தி வரும் என்பதை வைத்து மருத்துவர்கள் நான்காகப் பிரித்திருக்கிறார்கள். 90 பேருக்கு மேல் வந்தால் அதிக ஆபத்து. சிஸ்பிளாட்டின், டகார்பசின், மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டாக்ஸோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் சேர்ந்த கூட்டு ஆகியவை இதில் வரும். 30 முதல் 90 வரை மிதமானது. ஆக்ஸாலிபிளாட்டின், இரினோடெகான் போன்றவை. கார்போபிளாட்டினின் அளவு கூடினால் அதையும் அதிக ஆபத்துக்குச் சமமாகவே நடத்துகிறார்கள். 10 முதல் 30 வரை குறைவு. பாக்லிடாக்சல், டோசிடாக்சல், ஜெம்சிடபின் இந்த ரகம். வின்கிரிஸ்டின், பிளியோமைசின் போன்றவை 10க்கும் கீழே.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எனக்குக் கொடுக்கும் மருந்து அதிக ஆபத்தா, மிதமா, குறைவா?" பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கொடுத்திருக்கும் வாந்தி மருந்துகள் போதுமா என்பதை இந்த ஒரு பதிலை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

படி 2: உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்

ஒரே மருந்து, ஒரே அளவு, ஆனாலும் ஒருவர் சாதாரணமாக இருப்பார், பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் சுருண்டு கிடப்பார். பெண்களுக்கும், 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், பஸ்ஸிலோ காரிலோ போனால் தலைசுற்றி வாந்தி வருபவர்களுக்கும், கர்ப்ப காலத்தில் மசக்கை கடுமையாக இருந்தவர்களுக்கும், மதுப்பழக்கம் இல்லாதவர்களுக்கும், ரொம்பவும் பதற்றப்படுகிறவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். முன்பு ஒரு கீமோவில் வாந்தி எடுத்திருந்தால் இன்னும் கூடுதல். மசக்கையைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள், நாமும் அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிடுவோம். சம்பந்தம் இருக்கிறது, சொல்லுங்கள்.

கூடவே சர்க்கரை நோய், இதயத் துடிப்புக் கோளாறு, மலச்சிக்கல், ரத்தத்தை இளக்கும் வார்ஃபரின், மனநல மருந்துகள், தூக்க மாத்திரை, கருத்தடை மாத்திரை எது இருந்தாலும் சொல்லிவிடுங்கள். ஏன் என்பது அடுத்த படியில் வரும்.

படி 3: கையில் இருக்கும் மருந்துகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

மாத்திரை அட்டையின் பின்பக்கம் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று கம்பெனி வைத்த பெயர், மற்றது மருந்தின் பெயர். மருந்தின் பெயரைப் பாருங்கள். அதிக ஆபத்துள்ள கீமோவுக்கு இப்போது நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதே வழக்கம், மிதமானதற்குப் பெரும்பாலும் இரண்டோ மூன்றோ, குறைவானதற்கு ஒன்று.

முதல் வகை "செட்ரான்" என்று முடியும் மருந்துகள்: ஒன்டன்செட்ரான், கிரானிசெட்ரான், பலோனோசெட்ரான். இவை செரோடோனினைத் தடுப்பவை, முதல் நாளின் காவல்காரர்கள். 1990களின் தொடக்கத்தில் ஒன்டன்செட்ரான் வந்த பிறகுதான் சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளைத் தாங்க முடிகிற ஒன்றாக மாற்ற முடிந்தது. மாத்திரையாக 8 மி.கி. வழக்கம். பலோனோசெட்ரான் 0.25 மி.கி. ஒரே ஊசி, உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறையவே சுமார் 40 மணி நேரம் ஆகும் என்பதால் இரண்டு மூன்று நாளைக்கு வேலை செய்யும். இங்கே ஒரு விஷயம்: பலோனோசெட்ரான் ஊசி போட்டிருந்தால், அடுத்த இரண்டு நாளில் குமட்டல் வரும்போது மேலே மேலே ஒன்டன்செட்ரான் போடுவதில் பெரிய பலன் இல்லை. ஏற்கெனவே பூட்டிய கதவுக்கு இன்னொரு பூட்டு போடுவது போலத்தான், மலச்சிக்கல்தான் மிஞ்சும். எந்த ஊசி போட்டார்கள் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். இந்த வகையால் தலைவலியும் மலச்சிக்கலும் வரும். ஒன்டன்செட்ரான் இதயத்தின் மின்னோட்டத்தைச் சிலருக்குப் பாதிக்கும் என்பதால் இதய நோயாளிகளுக்கு ஈசிஜி பார்ப்பார்கள்.

இரண்டாவது வகை அப்ரெபிடன்ட், ஃபோஸ்அப்ரெபிடன்ட், நெட்டுபிடன்ட். இவை அந்த என்கே1 ஏற்பியை அடைப்பவை, அதாவது மூன்றாம் நாளுக்கான ஆட்கள். அப்ரெபிடன்ட் மாத்திரை என்றால் கீமோவுக்கு ஒரு மணி நேரம் முன்பு 125 மி.கி., அடுத்த இரண்டு நாள் காலையில் 80 மி.கி. என்று மூன்று மாத்திரைகள் ஒரே பெட்டியில் வரும். ஃபோஸ்அப்ரெபிடன்ட் 150 மி.கி. ஒரே தடவை டிரிப்பில் ஏற்றுவது. இந்த மாத்திரைப் பெட்டியை வாங்கி, முதல் நாள் ஒன்றைப் போட்டுவிட்டு, "நன்றாகத்தானே இருக்கிறது" என்று மீதி இரண்டை அடுத்த தடவைக்கு எடுத்து வைப்பவர்கள் நிறைய. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அப்ரெபிடன்ட் வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும், அதனால் ரத்தம் உறையும் அளவைச் சரிபார்க்க வேண்டும். கருத்தடை மாத்திரையையும் வலுவிழக்கச் செய்யும், மருந்து முடிந்து ஒரு மாதம் வரை வேறு வழியும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது டெக்ஸாமெத்தசோன், எல்லோரும் டெக்ஸா என்பது. இது ஸ்டீராய்டு. முதல் நாள் 12 மி.கி., அடுத்த நாட்களில் 8 மி.கி. என்பது அப்ரெபிடன்ட்டுடன் சேர்த்துக் கொடுக்கும்போது வழக்கமான அளவு. காலையில், சாப்பிட்ட பிறகு போடுங்கள். மாலையில் போட்டால் ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்திருக்க வேண்டியதுதான். சர்க்கரையை ஏற்றும், நெஞ்செரிச்சல் தரும், சிலருக்கு விக்கல் விடாமல் வரும், முகம் சிவக்கும். சர்க்கரை உள்ளவர்கள் அந்த நாட்களில் வீட்டிலேயே அடிக்கடி பார்த்து, எண் ஏறினால் போன் செய்ய வேண்டும். டெக்ஸாவின் நாட்களைக் குறைத்துக் கொடுக்கும் முறைகளும் உண்டு, கேட்கலாம். நிறுத்திய மறுநாள் ஒரு சோர்வு வரும், மனது கனக்கும். அது பெரும்பாலும் டெக்ஸா இறங்குவதால் வருவது, நோய் முற்றிவிட்டது என்று பயந்துவிட வேண்டாம்.

நான்காவது ஒலான்சபைன். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வீடுகளில் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படித்தால், அல்லது இணையத்தில் தேடினால், மனச்சிதைவு நோய்க்கான மருந்து என்று வரும். "எங்களைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டார்களா" என்று மாத்திரையைத் தூக்கிப் போட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். அது அந்த நோய்க்கு வந்த மருந்துதான், ஆனால் வாந்தியைத் தூண்டும் பல ஏற்பிகளை ஒரே சமயத்தில் அடைக்கிறது, அதிலும் வாந்தியைவிடப் பிடிவாதமான குமட்டலை நன்றாகக் கட்டுப்படுத்துகிறது. 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், அதிக ஆபத்துள்ள கீமோ எடுத்தவர்களுக்கு மற்ற மூன்று மருந்துகளோடு இதை நான்கு நாள் சேர்த்துக் கொடுத்தபோது, முதல் நாளுக்குப் பிந்தைய நாட்களில் குமட்டலே இல்லாமல் இருந்தவர்கள் 42 சதவீதம். சேர்க்காதவர்களில் 25 சதவீதம்தான். அந்த ஆய்வில் 10 மி.கி. கொடுத்தார்கள், பின்னால் வந்த ஆய்வுகளில் 5 மி.கி., 2.5 மி.கி. அளவுகளும் நல்ல பலன் தந்தன. தூக்கம் வரும், அதனால் இரவில் போடுவது. வயதானவர்கள் ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது தள்ளாடி விழ வாய்ப்பு உண்டு, விளக்கைப் போட்டு வையுங்கள், கூட ஒருவர் படுத்துக்கொள்ளுங்கள். மறுநாளும் மந்தமாக இருந்தால் அளவைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

படி 4: கடிகாரத்தைப் பார்த்துப் போடுங்கள், வயிற்றைப் பார்த்து வேண்டாம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்கப் போகிறீர்கள் என்றால் இதை வையுங்கள். வாந்தி ஆரம்பித்த பிறகு நிறுத்துவது கடினம், வருவதற்கு முன்பு தடுப்பது எளிது. வாந்தி எடுக்கும் வயிற்றில் மாத்திரை தங்காது, தங்கினாலும் உறிஞ்சிக்கொள்ள நேரமாகும்.

ஒரு தாளில் ஐந்து கட்டம் போடுங்கள். முதல் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை. ஒவ்வொரு கட்டத்திலும் காலை, மதியம், இரவு எந்த மாத்திரை என்று மருந்துச் சீட்டைப் பார்த்து எழுதி, மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே செவிலியரிடம் காட்டி "சரியா?" என்று கேட்டுவிடுங்கள். அந்தத் தாளைச் சமையலறைக் கதவிலோ குளிர்சாதனப் பெட்டியிலோ ஒட்டுங்கள். போட்டதும் டிக் செய்யுங்கள். செல்போனில் அலாரம் வையுங்கள். அம்மாவின் இரண்டாவது சைக்கிளில், அதாவது இரண்டாவது கீமோ சுற்றில், நாங்கள் செய்தது இவ்வளவுதான். மருந்துகளில் எதுவும் மாறவில்லை, அதே பெட்டிகள், ஆனால் அந்தத் தடவை ஒரு நாள் லேசான குமட்டலோடு முடிந்தது.

சீட்டில் இரண்டு விதமான மாத்திரைகள் இருக்கும்: கட்டாயம் போட வேண்டியவை, தேவைப்பட்டால் போட வேண்டியவை. இரண்டையும் ஒரே கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பிரித்து, வேறு வேறு டப்பாவில் வையுங்கள்.

படி 5: அதையும் மீறி வந்தால்

எல்லாவற்றையும் ஒழுங்காகப் போட்டும் குமட்டல் வரலாம். அப்போது ஏற்கெனவே போட்ட மருந்தையே திரும்பப் போடாமல், வேறு வகை மருந்தைச் சேர்ப்பதுதான் முறை. ஒலான்சபைன் கொடுக்காமல் இருந்தால் அதைத் தொடங்குவார்கள். இல்லையென்றால் மெட்டோக்ளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின், சில சமயம் பதற்றத்தைத் தணிக்கும் லோராசெபாம். மெட்டோக்ளோப்ரமைடு பொதுவாக 10 மி.கி., ஒரு நாளைக்கு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம், ஐந்து நாளுக்கு மேல் இழுக்கவும் வேண்டாம். இதையும் ஒலான்சபைனையும் நீங்களாகச் சேர்த்துப் போடக் கூடாது. மெட்டோக்ளோப்ரமைடோ புரோகுளோர்பெரசினோ போட்ட பிறகு கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டால், தாடை இறுகினால், கண் மேலே செருகினால், ஒரு இடத்தில் உட்கார முடியாமல் தவித்தால், அது அந்த மருந்தின் பக்க விளைவு. பார்க்கப் பயமாக இருக்கும், உடனே மருத்துவமனைக்குப் போனால் ஊசியில் சரியாகும். அடுத்த முறை அந்த மருந்து வேண்டாம் என்று எழுதி வையுங்கள்.

மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்திலேயே வாந்தி வந்து அதில் மாத்திரை முழுசாகத் தெரிந்தால், இன்னொன்று போடலாமா என்று போன் செய்து கேளுங்கள். ஆனால் நீங்கள் வீட்டில் எடுப்பது கீமோ மாத்திரையாக இருந்தால், கேட்காமல் இன்னொன்று போடவே கூடாது. வாய்வழி எதுவும் தங்காதபோது ஊசி, ஆசனவாயில் வைக்கும் மருந்து, தோலில் ஒட்டும் கிரானிசெட்ரான் பட்டை என்று வழிகள் இருக்கின்றன. நாக்கில் கரையும் ஒன்டன்செட்ரான் மாத்திரை, தண்ணீர் குடித்தாலே புரட்டுகிறவர்களுக்கு வசதி. ஆனால் அதுவும் எச்சிலோடு உள்ளே போய்த்தான் வேலை செய்கிறது, அதனால் கரைந்ததும் விழுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் அசையாமல் உட்காருங்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக: கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, ஆறியதாக. சூடான உணவின் ஆவியும் வாசனையும்தான் பலருக்குக் குமட்டலைக் கிளப்பும். மிகவும் பிடித்த உணவை அந்த நாட்களில் கொடுக்காதீர்கள், பிறகு அதைக் கண்டாலே வெறுப்பு வந்துவிடும். இஞ்சி சிலருக்கு லேசான குமட்டலில் உதவுகிறது, ஆய்வுகளின் முடிவு கலவையானது. ரத்தம் இளக்கும் மருந்து எடுப்பவர்கள் கேட்காமல் இஞ்சி மாத்திரை சாப்பிட வேண்டாம். எதுவானாலும் மருந்தோடு சேர்த்துத்தான், மருந்துக்குப் பதிலாக அல்ல.

படி 6: எப்போது போன் செய்ய வேண்டும், எப்போது கிளம்பிவிட வேண்டும்

24 மணி நேரமாகத் தண்ணீர்கூடத் தங்கவில்லை, மருந்து போட்டும் வாந்தி அடங்கவில்லை, சிறுநீர் அடர் நிறமாகிக் குறைந்துவிட்டது, எழுந்தால் கண் இருட்டுகிறது: இதில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாந்தியில் ரத்தமோ காபித்தூள் போன்ற கரும்பொடியோ வந்தாலும் கிளம்பிவிடுங்கள். வயிறு உப்பிக் கடுமையாக வலித்து, மலமும் காற்றும் போகவில்லை என்றால் குடல் அடைப்பாக இருக்கலாம், அதற்கு வாந்தி மாத்திரை தீர்வல்ல. கடுமையான தலைவலி, குழப்பமான பேச்சோடு வாந்தி வந்தாலும் அப்படித்தான். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அது தனி அவசரம், வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் தாமதிக்காமல் உடனே கிளம்பிவிட வேண்டும்.

ஐந்து நாள் தாண்டியும் குமட்டல் போகவில்லை என்றால் கீமோ மட்டும்தான் காரணம் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். மலச்சிக்கல், மார்ஃபின் போன்ற வலி மருந்துகள், ரத்தத்தில் கால்சியம் கூடுவது, இரைப்பை அமிலம் என்று பல இருக்கின்றன. எத்தனை நாளாக மலம் போகவில்லை என்ற ஒரு கேள்வியிலேயே பாதிப் பேருக்குப் பதில் கிடைத்துவிடும் என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

படி 7: அடுத்த சைக்கிளுக்கு முன்

அந்தத் தாளில் மாத்திரைக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு வரி சேருங்கள். எத்தனை தடவை வாந்தி, குமட்டல் 0 முதல் 10 வரை எவ்வளவு. வாந்தியையும் குமட்டலையும் தனித்தனியாக எழுதுங்கள், ஏனென்றால் மருத்துவர் "வாந்தி இருந்ததா?" என்று கேட்பார், "இல்லை" என்போம், மூன்று நாள் ஒரு வாய்கூடச் சாப்பிட முடியாமல் குமட்டியது பேச்சிலேயே வராது. பலர் சொல்லாமல் இருப்பதற்கு இன்னொரு காரணம், சொன்னால் கீமோவை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். பெரும்பாலும் நிறுத்துவதில்லை, வாந்தி மருந்தைத்தான் மாற்றுவார்கள்: என்கே1 மருந்து இல்லையென்றால் சேர்ப்பார்கள், ஒலான்சபைன் தொடங்குவார்கள், ஒன்டன்செட்ரானுக்குப் பதில் பலோனோசெட்ரான் போடுவார்கள். நீங்களே "இதில் எதையாவது சேர்க்க முடியுமா?" என்று கேட்கலாம், தவறில்லை.

முதல் சைக்கிளிலேயே நன்றாகத் தடுத்துவிட வேண்டும் என்று சொல்வதற்கு, மேலே விட்டுவைத்த அந்த மூன்றாவது வகைதான் காரணம். ஒருமுறை மோசமாக வாந்தி எடுத்த உடம்பு அதை மறப்பதில்லை. டெட்டால் வாசனை, அந்த நாற்காலி, ஊசி போட்ட செவிலியரின் குரல் எதுவானாலும் குமட்டலைக் கிளப்பும். இது நடிப்போ மனப்பலவீனமோ இல்லை, மூளை கற்றுக்கொண்ட பாடம். இதற்கு வழக்கமான வாந்தி மருந்துகள் சரியாகக் கேட்காது. முந்தின இரவும் அன்று காலையும் லோராசெபாம் 0.5 அல்லது 1 மி.கி. கொடுப்பதுண்டு, தசைகளைத் தளர்த்தும் பயிற்சி, காதில் பாட்டு, கவனத்தைத் திருப்பும் எதுவும் உதவும். லோராசெபாமும் ஒலான்சபைனும் சேர்ந்தால் தூக்கம் கூடும், அன்று வண்டி ஓட்ட வேண்டாம்.

அடுத்த கீமோவுக்கு முந்தின நாள் இழுப்பறையைத் திறந்து மிச்ச மாத்திரைகளை எண்ணிப் பாருங்கள். கட்டாயம் போட வேண்டிய டப்பாவில் ஒன்றாவது மிச்சமிருந்தால், எந்த நாளில் எந்த வேளை விட்டுப்போனது என்று தாளில் தேடி, அந்த வேளைக்கு இன்னொரு அலாரம் வைத்துவிட்டுப் போங்கள்.